‘வெயர்’: சட்டைக்கும் தேய்மானத்துக்கும் ஒரே சொல் என்பதைச் சீன மொழியினருக்கு எப்படி விளக்குவது?

மாலை வகுப்பு ஆசிரியை, சிங்கப்பூர் (தொடக்கப் பதிவு)

அனைவருக்கும் வணக்கம். சீனாவிலிருந்து இங்கே வேலைக்கு வந்திருக்கும் பெரியவர்களுக்கு வாரத்தில் இரண்டு மாலைகள் ஆங்கிலம் கற்பித்து வருகிறேன். வகுப்பில் 14 பேர். பெரும்பாலோர் இயந்திரப் பட்டறைகளில் வேலை செய்பவர்கள். எனக்கு மாண்டரின் பேச்சளவில் நன்றாகத் தெரியும், எழுத்துகள் ஓரளவு தெரியும்.

சென்ற வாரம் பட்டறைப் பாதுகாப்பு அறிவிப்பு ஒன்றைப் பாடமாக எடுத்துக்கொண்டேன். பாதுகாப்புக் கண்ணாடியும் காலணியும் அணியாமல் இயந்திரத்தின் அருகே வரக்கூடாது என்பது முதல் வரி. அங்கே ‘வெயர்’ என்ற வினை இருந்தது. நான்கு வரி தள்ளி, ‘வோர்ன் பெல்ட்’ எதுவாக இருந்தாலும் உடனே மாற்றிவிட வேண்டும் என்று எழுதியிருந்தது. ஒருவர் கையை உயர்த்தி, “அந்த பெல்ட்டை யார் அணிந்திருந்தார்?” என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை, மற்ற 13 பேருக்கும் அதே ஐயம்தான். ‘வோர்ன்’ என்பது ‘வெயர்’ என்பதிலிருந்து வரும் வடிவம் என்று முந்தைய வாரம் நானே சொல்லிக்கொடுத்திருந்தேன். இடுப்பில் கட்டும் பெல்ட்டுக்கும் இயந்திரத்தில் ஓடும் பெல்ட்டுக்கும் சீனத்திலும் ஒரே சொல்தான். அப்படியிருக்க, அவர் கேட்டதில் என்ன பிழை?

அகராதியைத் திறந்து, முதற்பொருள் அணிதல், அடுத்த பொருள் தேய்தல் என்று இரண்டையும் சொன்னேன். அவர் இரண்டையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். ஆனால் ஒன்றுக்கு எதிரே ஒரு சீனச் சொல், மற்றொன்றுக்கு எதிரே வேறொரு சீனச் சொல் என்று தனித்தனியே எழுதியதைப் பார்த்தபோது, அவருடைய மனத்தில் இவை தற்செயலாக ஒரே ஒலி பெற்ற இரு சொற்களாகவே பதிந்துவிட்டன என்று தெரிந்தது. அப்படிப் பதிந்தால், மூன்றாவது பொருளோடு அதே சொல் வரும்போது மூன்றாவது சொல்லாக எழுதுவார். அது மனப்பாடச் சுமையாகவே வளரும். இரண்டு பொருளுக்கும் இடையே இருக்கும் வழியை அவர்கள் தங்கள் மொழியின் வழியாகவே நடந்து பார்க்கும்படி செய்ய இயலுமா? சீனம் அறிந்தவர்களும் கற்பித்த அனுபவம் உள்ளவர்களும் சொல்ல வேண்டுகிறேன்.

மொழிபெயர்ப்பாளர், சென்னை

ஆசிரியைக்கு வணக்கம். தேய்மானத்துக்குப் போவதற்கு முன்னால், அணிதல் என்ற முதற்பொருளே சீனம் பேசுபவருக்கு ஒரே பொருளாக இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நீங்கள் காட்டிய முதல் வரியிலேயே அது இருக்கிறது. ஆங்கிலம் கண்ணாடிக்கும் காலணிக்கும் சேர்த்து ஒரே ‘வெயர்’ போட்டுவிட்டது. மாண்டரினில் அந்த வரியை எழுத இரண்டு வினைகள் வேண்டும். காலணிக்கு ‘ச்சுவான்’, கண்ணாடிக்கு ‘டாய்’.

சட்டை, கால்சட்டை, காலுறை, காலணி ஆகியவை ‘ச்சுவான்’ பக்கம். தொப்பி, கண்ணாடி, கைக்கடிகாரம், மோதிரம், காதணி, முகக்கவசம், கையுறை ஆகியவை ‘டாய்’ பக்கம். ‘ச்சுவான்’ என்பதன் அடிப்படைப் பொருள் துளைத்தல், ஊடுருவிச் செல்லுதல் என்பதாகும். அதன் எழுத்தில் மேலே குகையும் கீழே பல்லும் இருக்கின்றன, கி.பி. 100-ஐ ஒட்டிச் சூ ஷென் தொகுத்த எழுத்து அகராதியே அதை அப்படித்தான் பிரித்துக் காட்டுகிறது. கையும் காலும் துணியை ஊடுருவிச் செல்வதால் உடுத்தலுக்கு அந்தச் சொல் வந்தது. ‘டாய்’ என்பதோ தலையில் தாங்குதல். நம்முடைய ‘சூடு’ என்ற வினைக்கு மிக அருகில் நிற்கும் சொல். ஒருவனோடு ஒரே வானத்தைத் தலையில் சூடி வாழ முடியாது என்று தீராப் பகையைக் குறிக்கும் பழைய தொடரில் இந்தச் சொல்தான் வருகிறது. தலையில் தொடங்கி, பிறகு உடலின் மேல் பொருத்தும் சிறு பொருள்கள் எல்லாவற்றுக்கும் அது பரவிவிட்டது.

இந்தப் பிரிவு முழுக்க ஒழுங்கானதன்று. காலுறைக்கு ‘ச்சுவான்’, கையுறைக்கு ‘டாய்’. கை நுழைவதும் கால் நுழைவதும் ஒன்றுதானே என்று கேட்டால் மரபு என்பதைத் தவிர வேறு விடை சொல்ல இயலாது. கார் இருக்கைப் பட்டையைக் கட்டுகிறார்கள், வாசனைத் திரவியத்தைத் தெளிக்கிறார்கள், தாடியை விட்டுவைக்கிறார்கள். இவை அத்தனைக்கும் ஆங்கிலத்தில் ‘வெயர்’ வரும் என்று சொன்னால் சீன மாணவர் வியந்துபோவார். தமிழரான நமக்கு இது புதிதன்று. வேட்டியைக் கட்டுகிறோம், பூவைச் சூடுகிறோம், நகையைப் பூணுகிறோம், கண்ணாடியை மாட்டுகிறோம், சேலையை உடுத்துகிறோம். ஆகவே, பல வினைகள் உள்ள வீட்டிலிருந்து ஒரே வினை உள்ள வீட்டுக்குப் போகிறவரின் திகைப்பு நமக்கு உள்ளிருந்தே தெரியும். ஆங்கிலம் மட்டும் தெரிந்த ஆசிரியருக்கு அது எளிதில் தெரியாது.

கழற்றுவதிலும் இதே பிரிவு உண்டு. ‘ச்சுவான்’ செய்ததைக் கழற்ற ஒரு சொல், ‘டாய்’ செய்ததைக் கழற்ற பெரும்பாலும் ‘ஜாய்’ என்ற வேறொரு சொல். இந்த ‘ஜாய்’ மரத்திலிருந்து கனியையும் செடியிலிருந்து பூவையும் பறிக்கும் அதே சொல். கண்ணாடியை முகத்திலிருந்து பறிக்கிறார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த படிமம்.

ஒரு எச்சரிக்கையும் சேர்த்துக்கொள்கிறேன். எடுத்துக்காட்டு வாக்கியம் எழுதும்போது தொப்பிக்குப் பச்சை நிறம் வேண்டாம். பச்சைத் தொப்பி அணிந்தவன் என்றால், மனைவி வேறொருவருடன் உறவு வைத்திருப்பது தெரியாத அல்லது தெரிந்தும் வாளாவிருக்கும் கணவன் என்று சீனத்தில் பொருள். பெரியவர்கள் அமர்ந்திருக்கும் வகுப்பில் அது ஒருவரை நோகச் செய்துவிடக்கூடும்.

முதுகலை மாணவர், மதுரை

ஐயா எழுதியது பயனுள்ளது. நான் சொல்லின் வரலாற்றுப் பக்கத்திலிருந்து வருகிறேன். ‘வெயர்’ என்பதன் பழைய ஆங்கில வடிவம் ‘வெரியன்’. முதற்பொருள் உடுத்துதல், தேய்தல் அன்று. லத்தீனின் ‘வெஸ்டிஸ்’, நாம் வழங்கும் ‘வஸ்திரம்’ என்ற வடசொல் ஆகியவை அதே வேரிலிருந்து கிளைத்தவை. ஆகவே அணிதலும் தேய்தலும் ஒரே ஒலியில் தற்செயலாகக் கூடிய இரு சொற்கள் அல்ல. நெடுநாள் உடுத்திய துணி நைந்துபோகும் என்ற அன்றாடக் காட்சியிலிருந்து இரண்டாம் பொருள் முதற்பொருளுக்குப் பிறந்தது. பிறகு துணியை விட்டு நீங்கி, படிக்கட்டு தேய்வதற்கும் பொறுமை தேய்வதற்கும் போனது. ‘வோர்’, ‘வோர்ன்’ என்ற வடிவங்களும் பிறவியில் வந்தவை அல்ல. ‘பேர்’ (தாங்குதல்), ‘ஸ்வேர்’ (சூளுரைத்தல்) போன்ற ஆங்கில வினைகளைப் பார்த்து இடைக்காலத்தில் ஏற்றுக்கொண்டவை.

இந்தப் பிறப்பு வரிசையிலேயே பாடம் நடத்தலாம் என்பது என் கருத்து. பாலமாக ஒரு சீனத் தொடரையும் சொல்கிறேன். சொட்டும் நீர் கல்லைத் துளைக்கும் என்று நான்கு எழுத்தில் ஒரு தொடர் உண்டு. அதன் வினை அதே ‘ச்சுவான்’தான். அதே கருத்தை ஆங்கிலத்தில் சொன்னால், நீர் கல்லை ‘வெயர்’ செய்கிறது என்று வரும். சட்டை அணிவதற்கும் கல் தேய்வதற்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல். சீனத்திலும் ஒரே சொல்! நம்மிடம் எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்று இருக்கிறது. இதைவிடச் சிறந்த பாலம் கிடைக்குமா?

மொழிபெயர்ப்பாளர், சென்னை

தம்பி, பார்க்க அழகான பாலம்தான். ஆனால் அதன் மேல் மாணவரை நடக்கவிட எனக்குத் துணிவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

ஆங்கிலத்தில் உடுத்தல் முதலில், தேய்தல் அதன் விளைவு. சீனத்தில் துளைத்தல் முதலில், உடுத்தல் அதன் விளைவு. நீர் கல்லைத் துளைக்கும் என்னும்போது ‘ச்சுவான்’ தன் பழைய பொருளில் நிற்கிறது. உடுத்தலுக்கும் அதற்கும் அங்கே தொடர்பே இல்லை. இரண்டு மொழிகளும் எதிரெதிர்த் திசையில் நடந்து, ஒரு முச்சந்தியில் தற்செயலாகச் சந்தித்திருக்கின்றன. இதை விதியாகக் காட்டினால், ‘ச்சுவான்’ வரும் இடமெல்லாம் ‘வெயர்’ வரும் என்று மாணவர் முடிவு செய்வார். ஊசியில் நூல் கோப்பதும் சாலையின் குறுக்கே போவதும் ‘ச்சுவான்’தான். ஒருவர் சாலையை ‘வெயர்’ செய்து மறுபக்கம் போனேன் என்று எழுதினால், அந்தப் பிழைக்கு நாமே பொறுப்பாவோம்.

தேய்தலுக்குச் சீனத்தில் உரிய சொல் ‘மோ’. கல்லில் கத்தி தீட்டுவதும் அதுதான். இரும்பு உலக்கையைத் தேய்த்துத் தேய்த்து ஊசியாக்கிய கிழவியைச் பழஞ்சீனக் கவிஞர் லீ பாய் சிறுவனாக இருந்தபோது கண்டதாக ஒரு கதை, சீனாவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். ‘வோர்ன் பெல்ட்’ என்பதை ‘மோ’ என்ற சொல்லோடு சேர்த்து விளக்குவதே நேர்மையான வழி. ஆனால் அப்படிச் செய்தால் ஆசிரியை அஞ்சிய இடத்துக்கே, அதாவது இரண்டு தனிச் சொற்களுக்கே, வந்து நிற்கிறோம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பயிற்சி ஆசிரியர், கோலாலம்பூர்

எனக்குக் கொஞ்சம் வேறு கருத்து உண்டு. வகுப்பில் சீனமே வேண்டாம். வேர்ச்சொல் வரலாறும் வேண்டாம். ‘வெயர்’ எந்தெந்தச் சொல்லோடு சேர்ந்து வருகிறது என்பதை முழுத் தொடர்களாகக் கொடுத்து, பேசவும் எழுதவும் வைத்தால் போதும் என்பது என் பல ஆண்டு அனுபவம். பட்டறையில் நிற்பவருக்கு அறிவிப்புப் பலகை புரிய வேண்டும். பழைய ஆங்கிலம் வேண்டியதில்லை.

மாலை வகுப்பு ஆசிரியை, சிங்கப்பூர்

ஐயா சொல்வதில் பாதியை ஏற்கிறேன். தொடர்களாகப் பழகுவது இன்றியமையாதது. ஆனால் பெரியவர்கள் குழந்தைகளைப் போலக் கேட்டதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டு இருக்க மாட்டார்கள். ஏன் என்று கேட்பார்கள். நாற்பது வயதில், பகல் முழுதும் உழைத்துவிட்டு வந்து அமர்ந்திருப்பவர் ஒரு காரணம் கேட்கும்போது, காரணம் இருக்கையில் அதை மறைத்து மனப்பாடம் செய்யுங்கள் என்று சொல்ல என்னால் இயலவில்லை. சீனத்தைத் தவிர்த்தாலும், அவர்கள் மனத்துக்குள் மொழிபெயர்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அந்த மொழிபெயர்ப்பு எங்கே வழுக்கும் என்று நான் அறிந்திருப்பது நல்லதல்லவா?

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பினாங்கு

இழை முழுவதையும் படித்தேன். இருபக்கமும் நியாயம் இருக்கிறது. ஆசிரியை அம்மா தேடுகிற பாலம் சொல்லில் இல்லை, ஒரு பொருளில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தப் பொருள் செருப்பு.

வேலை கேட்டு அலைந்தவன் செருப்பு தேய நடந்தேன் என்று சொல்வதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். என் பக்கத்து வீட்டுச் சீனப் பெரியவர், தேடிய பொருள் எதிர்பாராமல் கிடைத்தால் ஒரு பழமொழி சொல்வார்: இரும்புச் செருப்பு தேய்ந்து உடையுமட்டும் நடந்தும் கிடைக்காதது, ஒரு பாடும் இல்லாமல் கைக்கு வந்தது என்பது அதன் கருத்து. சீனம் பேசுகிற அனைவருக்கும் தெரிந்த பழமொழி அது. ஆங்கிலத்தில் இதே நிலையைச் சொல்ல, தேடித் தேடிச் செருப்பை ‘வெயர் அவுட்’ செய்துவிட்டேன் என்பார்கள். மூன்று மொழிக்காரர்களும் அதே தேய்ந்த செருப்பைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். அணியும் பொருளும் அதுவே, தேயும் பொருளும் அதுவே. நாள் கடப்பதால் முதலாவது இரண்டாவதாக மாறுகிறது. ஒரு பழைய காலணியை மேசைமேல் வைத்து, ஆங்கிலேயர் அணிதல் என்ற செயலையும் அந்தச் செயல் காலப்போக்கில் பொருளுக்குச் செய்ததையும் ஒரே வினையால் சொல்கிறார்கள் என்று காட்டினால், வேர்ச்சொல் வரலாற்றைப் பேசாமலே அந்த வரலாறு முழுதும் கண்முன் வந்துவிடும். காலணியிலிருந்து சட்டையின் முழங்கைக்கும், அங்கிருந்து படிக்கட்டுக்கும், அங்கிருந்து பெல்ட்டுக்கும் ஒவ்வொரு படியாகப் போகலாம். துணி, கல், ரப்பர் என்று பொருள் மாறினாலும் உரசலும் காலமும் மாறுவதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதை யாரும் இதுவரை தொடவில்லை. எங்கள் ஊரில் தமிழரும் சீனரும் மலாய்க்காரரும் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கிளப்பும்போது ‘வெயர் யுவர் ஷூஸ்’ என்றுதான் சொல்கிறோம். சிங்கப்பூரிலும் அப்படித்தான். எங்களுக்குள் அது குறையின்றிப் புரிகிறது, அதை நான் இழிவாக நினைக்கவில்லை. ஆனால் தேர்வுத்தாளிலும் வெளியூர்க்காரரிடமும் போடுகிற கணத்துக்கு ‘புட் ஆன்’, போட்டபின் இருக்கிற நிலைக்கு ‘வெயர்’ என்ற வேறுபாடு எதிர்பார்க்கப்படுகிறது. சீனத்தில் வினை ஒன்றே. பின்னால் ‘ஷாங்’ சேர்த்தால் போட்டு முடிக்கும் செயல், ‘ஜ’ சேர்த்தால் போட்டபடி இருக்கும் நிலை. தமிழிலும் அப்படியே: போட்டுக்கொள் என்றால் செயல், போட்டிருக்கிறான் என்றால் நிலை. ‘கொள்’ ஏறக்குறைய ‘ஷாங்’ நிற்கும் இடத்தில் நிற்கிறது, ‘இரு’ ஏறக்குறைய ‘ஜ’ நிற்கும் இடத்தில் நிற்கிறது. ஆங்கிலம் ஒட்டைச் சேர்ப்பதற்குப் பதிலாக வினையையே மாற்றிவிடுகிறது. ‘ஷாங்’ தோன்றினால் ‘புட் ஆன்’, ‘ஜ’ தோன்றினால் ‘வெயர்’ என்று ஒரே வரியில் சொல்லிப் பாருங்கள். நான் 30 ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவன். இவ்வளவு சுருக்கமாகப் பயன் தந்த விதிகள் மிகச் சிலவே.

முதுகலை மாணவர், மதுரை

ஐயா, என் பாலத்தைவிட உங்கள் செருப்பு உறுதியானது என்று மனமார ஒப்புக்கொள்கிறேன். நீர் கல்லைத் துளைக்கும் தொடரைத் தேர்ந்த மாணவர்களுக்குப் பிற்பாடு, ஒப்பீடாக மட்டும் காட்டலாம்.

ஒரு கேள்வி. முகத்தில் புன்னகையை ‘வெயர்’ செய்கிறாள் என்பதற்கு எங்கே இடம் கொடுப்பது? அங்கே துணியும் இல்லை, தேய்வும் இல்லை.

மொழிபெயர்ப்பாளர், சென்னை

அதற்குச் சீனமே உதவுகிறது. முகம் புன்னகையை ஏந்தியிருக்கிறது என்று அவர்கள் சொல்லும் தொடரிலும் ‘டாய்’ என்ற ஒலிதான் வருகிறது. எழுத்து வேறு; அது கொண்டுவருதல், உடன் வைத்திருத்தல் என்று பொருள்படும் ‘டாய்’. ஆனால் ஒலியும் சுரமும் ஒன்றே என்பதால், கண்ணாடியைச் சூடியிருக்கும் முகத்திலிருந்து புன்னகையை ஏந்தியிருக்கும் முகத்துக்கு அவர்களின் காது தானாகவே போய்விடும். இங்கே மட்டும் அந்த ஒலி ஒற்றுமையைப் பயன்படுத்திக்கொள்ளலாம். எழுத்தில் எழுதச் சொன்னால் இரண்டையும் குழப்பிவிடுவார்கள். சீனப் பிள்ளைகளே அந்த இரண்டு எழுத்துகளையும் மாற்றி எழுதுவதுண்டு.

மாலை வகுப்பு ஆசிரியை, சிங்கப்பூர்

நேற்று மாலை வகுப்பு முடிந்தது. நடந்ததை எழுதுவது என் கடமை.

முதலில் ‘ஷாங்’, ‘ஜ’ விதியைச் சொன்னேன். சொன்ன உடனே ஒருவர் எழுந்து, தன் தொப்பியைக் கழற்றி மறுபடி தலையில் வைத்துக்கொண்டு ‘புட் ஆன்’ என்றார். பிறகு அசையாமல் நின்று ‘வெயர்’ என்றார். அதற்கு மேல் நான் விளக்க ஒன்றும் இல்லை. கண்ணாடிக்கு ஒரு வினை, காலணிக்கு ஒரு வினை என்ற தங்கள் மொழியின் பிரிவை ஆங்கிலம் கண்டுகொள்வதில்லை என்பதை அவர்கள் மகிழ்ச்சியாகவே ஏற்றுக்கொண்டார்கள். ஒன்று குறைந்தது என்ற நிம்மதி முகத்தில் தெரிந்தது.

அதன்பின் காலணி. நான் வீட்டிலிருந்து ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன். அதற்குத் தேவையே இருக்கவில்லை. பெல்ட்டைப் பற்றிக் கேட்டவர் தாம் அணிந்திருந்த பட்டறைக் காலணியையே கழற்றி மேசைமேல் கவிழ்த்து வைத்தார். குதிகாலின் வெளிப்பக்கம் ஒருபுறமாகத் தேய்ந்து, அடிப்பகுதியின் வரிகள் மறைந்துபோயிருந்தன. எத்தனை ஆண்டுகளாக ‘வெயர்’ செய்கிறீர்கள் என்று கேட்டேன், மூன்று என்றார். இப்போது இது எப்படி இருக்கிறது என்று கேட்டேன். சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ‘வோர்ன்’ என்றார். இரும்புச் செருப்புப் பழமொழியை நான் தொடங்கியதும் வகுப்பு முழுவதும் சேர்ந்து முடித்தது.

பிறகு அறிவிப்புப் பலகைக்குத் திரும்பினோம். அந்த பெல்ட்டை யார் ‘வெயர்’ செய்தார் என்று, அவர் சென்ற வாரம் என்னைக் கேட்ட கேள்வியை நான் அவரிடம் கேட்டேன். அவர் தயங்கவில்லை. மனிதர் யாரும் இல்லை, பெல்ட் ஓடும் சக்கரமான புல்லிதான் அதை ‘வோர்’ செய்தது என்று ஆங்கிலத்திலேயே விடை சொன்னார். அந்த வாக்கியத்தின் இறுதியில் ‘டவுன்’ என்ற சொல் சேர வேண்டும் என்று மட்டும் திருத்தினேன்.

மருந்தின் வேகம் இறங்குவதற்கு வரும் ‘வெயர் ஆஃப்’ ஒன்று மீதமிருக்கிறது. அங்கே சீனம் கடந்துபோதல் என்ற சொல்லைத்தான் ஆளுகிறது. அதைக் காலணியிலிருந்து எட்ட முடியுமா, அல்லது தனியாகத்தான் கொடுக்க வேண்டுமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. அடுத்த வகுப்பு வியாழக்கிழமை. அதற்குள் யாருக்கேனும் ஒரு வழி தோன்றினால் எழுதுங்கள்.